மைனஸ் 0.13-ஐ எப்படிப் படிப்பது?

"கேரளக் கடற்கரையில் கதிர்வீச்சு அதிகம், புற்றுநோய் அதிகமில்லை, அப்போ குறைந்த கதிர்வீச்சால் ஆபத்தே இல்லை." 2009-இல் வெளியான கருநாகப்பள்ளி ஆய்வைக் காட்டிப் பலர் சொல்வது இது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

அங்கே மணலில் இருக்கும் தோரியம்தான் காரணம். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய். ரத்தப்புற்று நீங்கலாக, ஒரு கிரேக்குக் கூடுதல் ஆபத்து மைனஸ் 0.13. மைனஸைப் பார்த்ததும் குஷியாயிடறாங்க. ஆனா 95% நம்பக இடைவெளி மைனஸ் 0.58-இலிருந்து 0.46 வரை. ஹிரோஷிமா, நாகசாகி தரவு தரும் சுமார் 0.47, அந்த மேல் எல்லையை ஒட்டியே நிற்கிறது.

ஆய்வாளர்கள் சொன்னது இவ்வளவுதான்: இப்போது கணக்கிடுவதைவிட ஆபத்து வெகுவாக அதிகமாக இருக்க வாய்ப்பில்லை. 'அதிகமில்லை' வேறு, 'இல்லவே இல்லை' வேறு.

நம்ம மணவாளக்குறிச்சியிலும் இதே வகை மணல்தான். இந்த ஒற்றை எண்ணை வைத்து அங்கே யாரையும் பயமுறுத்தவும் முடியாது, சமாதானப்படுத்தவும் முடியாது.