ஒயர் கெடுக்காமல் இருந்தால் போதும்

கேபிளைச் சோதிக்க நான் போடுவது ‘ஹவ் டு நேம் இட்?’தான். 1986இல் வந்த இளையராஜாவின் அந்த இசைத்தட்டில் வி.எஸ். நரசிம்மனின் வயலினில், இசைமேதை பாக் வீட்டுக்கு வரும் இடம். எல்லோரும் பேஸைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கு வில் திரும்புகிற அந்த உரசல் வேண்டும். அது மழுங்கினால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

புதுச்சேரி நண்பர் வெள்ளி ஒயர்க்காரர். அவர் காதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பீக்கர் ஒயரில் கனம்தான் பேசும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர சேர்த்து சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. 4 ஓம் என்றால் 2.5க்குப் போகலாம். மிச்சப் பணத்துக்கு இசைத்தட்டு வாங்கலாம்.

எல்லா ஒயரும் ஒன்றுதான் என்பவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. டர்ன்டேபிளிலிருந்து போனோவுக்குப் போகும் ஒயரை மாற்றிக் கேட்கட்டும். மூவிங் மேக்னெட் காட்ரிட்ஜுக்குக் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான் பாரம். நூறு பிக்கோஃபாரட் கூடினாலே உச்சஸ்தாயியின் நிறம் மாறக்கூடும். வில் முதலில் அடிபடுவது அங்கேதான்.

அந்த ஒயரைத் திருக்கனூர் கடைத்தெருவில், மைக்செட் ஆம்ப்களைப் பழுது பார்க்கும் பெரியவரிடம்தான் கட்டி வாங்குவேன். இழைகளை முறுக்கி, முதலில் மெல்லிசாக ஈயம் பூசிக்கொள்வார். பிறகு அயர்னை ஈயத்தில் வைக்க மாட்டார். பின்னில் வைத்து, பின் சூடேறி ஈயத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்வரை காத்திருப்பார். ஆறும்வரை விரல் அசையாது. அசைந்தால் பொட்டு மங்கி, பொரபொரவென்று ஆகிவிடும். ஆறு மாதத்தில் கரகரப்பு வரும். அவர் வைத்த பொட்டு கண்ணாடிபோல் மினுங்கும். ஒலிக்கு நிறம் கொடுப்பது ஸ்பீக்கரின் கோன், ஒயர் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. திருக்கனூரோ காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். காகிதக் கோனைப் பற்றி அவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

இரண்டு ஒயர்களை ஒப்பிடும்போது வால்யூம் ஒரு துளிகூட மாறக் கூடாது. சத்தம் கூடியதையே காது நல்லது என்று சொல்லிவிடும். ஆம்புக்குப் பின்னால் வீட்டில் ஒருவரை நிறுத்தி, எது எதென்று சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். என் நண்பர் மட்டும் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

இப்போது கடைகளில் செம்பு என்று கொடுப்பதைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிகிறது. அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஜாக்கோ பிளாஸ்டிக்கில் வார்த்து மூடியது. உள்ளே பொட்டு எப்படி இருக்கிறதென்று பார்க்க வழியில்லை, விட்டுப்போனால் வெட்டி எறிவதுதான். திருகித் திறக்கும் உலோக ஜாக்கை ரிச்சி தெருவில் இன்னும் கேட்டு வாங்கலாம். ஒயரை மீட்டர் கணக்கில் வாங்குங்கள், கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு.