கிரௌஸ் காட்டில் நடை

மினசோட்டாவின் வடகாடுகளில் ரஃப்டு கிரௌஸ் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது ஆஸ்பென் மரத்தைப் பற்றி. வெட்டிய இடத்தில் வேரிலிருந்தே தளிர்த்து, மணிக்கட்டுப் பருமனில் நெருக்கியடித்து நிற்கும் இளமரக் கூட்டம்தான் இந்தப் பறவைக்குப் பிடித்த இடம். முதிர்ந்த காடு பார்க்க மட்டும் அழகு.

நாலடி நடந்து சட்டென்று நிற்பதுதான் இதில் நான் ரசிக்கும் நுட்பம். பதுங்கியிருக்கும் பறவை, காலடியோசை நின்றதும் பதறிப் படபடவென்று கிளம்பும். வால் விசிறியின் கரும்பட்டை கண்ணில் படுவதற்குள் மரத்துக்குப் பின்னால் போய்விடும். ரவை பெரும்பாலும் மரப்பட்டைக்குத்தான்!

விழுந்த பறவையின் தீனிப்பையைத் திறந்து பாருங்கள். உள்ளே க்ளோவர் இலையா, காட்டுப்பழமா என்பது அடுத்து எங்கே நடக்கலாம் என்று சொல்லும். செப்டம்பர் நடுவில் பருவம் தொடங்கினாலும், இலை உதிர்ந்த அக்டோபரே உத்தமம்.