தடித்த எழுத்தும் அதன் சமூகப் பணியும்

அச்செழுத்தின் வடிவத்தை அழகியலுக்கு மட்டுமே உரிய பொருளாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஓர் எழுத்து எத்தேவையின் பொருட்டு, எவருக்காக வார்க்கப்பட்டது என நாம் வினவுவது அரிது. தடித்த எழுத்தின் வரலாறு இவ்வினாவின் இன்றியமையாமையை உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கைத்தொழிற் புரட்சி பெருக்கிய பண்டங்களுக்குச் சந்தை தேடப்பட்ட சூழலில், இலண்டன் வார்ப்பகங்கள் பருத்த விளம்பர எழுத்துக்களை உருவாக்கின. அவை சுவரொட்டிக்கு ஏற்றவை. நூலின் வரியோடு இணையாதவை. 1845இல் றொபேட் பெஸ்லியின் வார்ப்பகம் வெளியிட்ட 'கிளறன்டன்' இக்குறையை நீக்க முயன்றது. கோடுகளின் நுனியில் குறுக்கே அமையும் முடிப்பு, அதாவது செரிப், இதிலே தடிப்பாகவும் தண்டோடு வளைந்து பொருந்துவதாகவும் அமைந்தது. தடிப்புக்கும் மென்மைக்கும் இடையிலான வேறுபாடு மிகையற்றிருந்தமையால், சாதாரண எழுத்தின் அருகே நின்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட அதனால் இயன்றது. அகராதியின் தலைச்சொல் அதன் இயல்பான இடமாயிற்று. வடிவமைப்புச் சட்டம் அளித்த மூன்றாண்டுக் காப்பு முடிவுற்றதும் போட்டியாளர் அதனைப் பிரதிசெய்தனர்.

தமிழெழுத்துக்குச் செரிப் இயல்பானதன்று. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே சீரானது. தடிப்பு அச்சுடன் வளர்ந்த பண்பு. ஆயினும் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. சாய்வெழுத்தின் வழக்கும் குறைவு. எனவே தலைப்பு, தலைச்சொல், அழுத்தம் ஆகிய மூன்றின் சுமையும் தடித்த எழுத்தின் மீதே விழுகின்றது. இச்சுமையைத் தாங்க, கோட்டை வெறுமனே பருக்கச் செய்தல் போதாது. ண, ஞ, இ முதலியவற்றின் சுழிகளுக்குள் உள்ள வெளி அடைபட்டால் ணகரமும் னகரமும் மயங்கும். மலிவான தாளில் மை பரவும்போது புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். கணினி செயற்கையாகத் தடிப்பாக்கும் எழுத்துக்கும் இக்குறை உண்டு.

எம்பிலிப்பிட்டியவை இங்கு நினைத்தல் பொருந்தும். வைக்கோலிலிருந்து காகிதம் செய்த அரச ஆலை 1970களில் அமைந்த ஊர் அது. காகிதம் உற்பத்தியாதல் வேறு. அக்காகிதத்தில் எவரது மொழி தெளிவாகப் பதிகின்றது என்பது வேறு. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. ஆனால் சட்டத்தில் இடம் பெற்ற மொழி, பலகையில் வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மும்மொழிப் பலகையில் அவற்றைச் சம அகலத்துள் அடக்கினால் எழுத்தின் உயரம் குறையும். சிறுத்த எழுத்தைப் பின்னர் தடிப்பாக்கினால் சுழிகள் மூடும். இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் வரும் தொழிலாளிக்கு அங்கு எஞ்சுவது தமிழ் இருப்பதன் அடையாளமே, செய்தி அன்று.

எழுத்தின் தடிப்பு உரத்த குரல் போன்றது. குரல் உரத்தாலும் சொல் தெளியாவிடின் பயனில்லை. எனவே, சுழிகளின் வெளியைக் காத்து, தடிப்புக்கென்றே புதிதாக வரையப்பட்ட தமிழெழுத்தை வேண்டுதல் அழகியற் கோரிக்கை மட்டுமன்று. மொழியுரிமைக் கோரிக்கையின் ஒரு கூறுமாகும் என்பதே நமது முடிபு.