விளம்ப காலத்து விண்பயணம்

விஞ்ஞானப் புனைவுப் படம் ஒன்று இரண்டரை மணி நேரத்தைத் தாண்டப் போகிறது என்ற செய்தி வெளியான மாத்திரத்தில், அந்தப் படத்தின் ஒரு காட்சியைக்கூடக் கண்டிராதவர்கள் அதன் நீளத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. கைபேசியோடு வளர்ந்த ரசிகனுக்குப் பொறுமை அற்றுப் போயிற்று, ஆகையால் நீண்ட படம் எடுப்பது டைரக்டரின் அகங்காரமே என்கிறது ஒரு கட்சி. கொடுத்த பணத்துக்கு மூன்று மணி நேரம் கிடைப்பது லாபந்தான், ஆனால் அந்த மூன்று மணியிலும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏதேனும் வெடித்துக்கொண்டும் இடிந்துகொண்டும் இருக்க வேண்டும் என்கிறது மற்றொரு கட்சி. பார்வைக்கு எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு கட்சியாரும், காலம் என்பதை ஒரு கோணிப்பை என்றும், கதை என்பதை அதில் அடைக்க வேண்டிய சரக்கு என்றும் எண்ணுவதில் பரம ஒற்றுமை கொண்டவர்கள். இந்த எண்ணம் பிழையானது என்பதையும், இந்த வகைப் படங்களுக்கு மக்கள் உண்மையில் எதை நாடி வருகிறார்கள் என்பதை ஒரு நூற்றாண்டுச் சரித்திரமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது என்பதையும் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூர்வ கட்டங்களை நேயர்கள் அறிவார்கள், விரைவாகக் கடந்துவிடலாம். 1902-ல் மெலியே தம் படத்தில் சந்திரனுக்கு அனுப்பிய குண்டு ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் போய்த் திரும்பிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1927 ஜனவரியில், ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' பெர்லினில் இரண்டரை மணி நேரப் படமாக அரங்கேறியது. அரங்கேறிய சில மாதங்களுக்குள் வியாபாரிகள் அதில் நாலில் ஒரு பங்கை வெட்டி எறிந்தார்கள். எறியப்பட்ட பகுதியின் பெரும்பாகம் 2008-ல் புவனோஸ் ஐரிஸ் நகரத்துச் சினிமாக் காட்சிசாலையில் ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியாகக் கிடைத்தது. 2010-ல் செப்பனிட்டு வெளியிட்ட படத்தைப் பார்ப்பவர்கள், மீட்கப்பட்ட காட்சி வரும்போதெல்லாம் படம் சற்றே சுருங்கி, கறுப்பு ஓரம் தோன்றி, மழை பெய்தாற்போலக் கீறல்கள் ஓடுவதைக் காணலாம். அந்தக் கீறல்களுக்கு நடுவேதான், எண்பது வருஷங்களாக வெறும் நிழலாக நின்ற ஒற்றன் ஒரு முழுப் பாத்திரமாகிறான். தொழிலாளியின் ஒரு நாள் சபலத்துக்குக் காரணம் விளங்குகிறது. நீளம் என்று வெட்டப்பட்டது அந்தப் படத்தின் சுவாசம்.

ஐம்பதுகளில் அமெரிக்காவில் இந்த வகை, இரண்டு படங்களை ஒரே டிக்கெட்டில் காட்டும் கொட்டகைகளின் தேவைக்கேற்ப ஏறத்தாழ ஒன்றரை மணியில் அடங்கியிருந்தது. 1951-ல் வந்த 'பூமி அசையாது நின்ற நாள்' 92 நிமிஷம். 1956-ல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' 98 நிமிஷம். நேர்த்தியான படங்கள்தாம். ஆனால் அவற்றில் ஆகாயம் ஒரு திரைச்சீலையாக மட்டுமே இருந்தது. அதற்குள் யாரும் பிரவேசித்ததில்லை.

பிரவேசம் நிகழ்ந்தது 1968-ல். ஸ்டான்லி கூப்ரிக்கும், இலங்கையைத் தம் இல்லமாக்கிக்கொண்டிருந்த ஆர்தர் கிளார்க்கும் சேர்ந்து சிருஷ்டித்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி', ஏப்ரல் 2-ஆம் தேதி வாஷிங்டனில் திரையிடப்பட்டபோது, முதல் இருபத்தைந்து நிமிஷங்களில் மனிதப் பேச்சு ஒன்றுமே கேட்கவில்லை. கலக்கமுற்றவர்கள் எழுந்து போனார்கள்; நியூயார்க் விமரிசகர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள்; கூப்ரிக் தாமே சுமார் 19 நிமிஷங்களை நீக்கினார். ஆயினும் நீக்கியபின் எஞ்சிய படமும், கப்பல் ஒன்று நிலையத்தை அணுகுவதை ஒரு வால்ட்ஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும் படமாகவே இருந்தது. அதை எந்த வசூல் சூத்திரமும் காப்பாற்றவில்லை. வந்த இளைஞர்களே மறுபடியும் மறுபடியும் வந்து காப்பாற்றினார்கள். அந்த இளைஞர்கள் கதையை அறிந்துகொள்ளவா ஐந்தாம் முறை வந்தார்கள்? கதை முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது, அல்லது ஐந்தாம் முறையிலும் தெரியவில்லை. தூரம் என்பது எவ்வளவு தூரம் என்பதைத் தங்கள் உடம்பினாலேயே உணர்வதற்காக வந்தார்கள். ஒரு வித்துவான் தோடியை விளம்ப காலத்தில் விஸ்தரிக்கும்போது, பல்லவி எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்பவர் சபையில் இரண்டொருவர் இருக்கலாம். மற்றவர்கள் ராகத்துக்குள் வசிக்க வந்தவர்கள்.

இந்த ஞானத்தை மிக ஆழமாகக் கொண்டு சென்றவர் ருஷ்யாவின் தார்க்கோவ்ஸ்கி. 1972-ல் வந்த அவருடைய 'சோலாரிஸ்' 166 நிமிஷம் ஓடுவது. அதில் டோக்கியோ நகரத்துச் சாலைகளிலும் சுரங்கப் பாதைகளிலும் ஒரு கார் ஏறத்தாழ ஐந்து நிமிஷம் சென்றுகொண்டே இருக்கிறது. 1979-ல் வந்த 'ஸ்டாக்கர்' அதனினும் துணிச்சலானது. மூன்று பேர் ஒரு சிறு ரயில் தள்ளுவண்டியில் ஏறித் தடைசெய்யப்பட்ட பிரதேசத்துக்குள் போகிறார்கள். காமிரா அவர்கள் தலைகளுக்குச் சமீபத்தில், பிடரியையும் காதோரத்தையும் பார்த்தபடியே கூட வருகிறது. இரும்புச் சக்கரம் தண்டவாளத்தின் மூட்டுகளில் தட்டும் ஓசையைத் தவிர வேறொன்றுமில்லை. சிறிது நேரத்தில் அந்த ஓசையே, எந்தக் கணத்தில் என்று நாம் பிடித்துச் சொல்ல முடியாதபடி, ஆர்தெமியேவின் இசையாகக் கரைந்துவிடுகிறது. பின் சட்டென்று பழுப்பு நிறம் மறைந்து, பச்சைப் புல்லும் ஈரக் காற்றும் திரையில் நிறைகின்றன. விண்கலம் இல்லை, விசித்திர ஜந்து இல்லை; வேறோர் உலகத்துக்கு வந்துவிட்டோம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. அந்தப் பிரயாணத்தை முப்பது வினாடியாகச் சுருக்கிப் பாருங்கள். அவர்கள் ரயில் பாதையில் போனார்கள் என்ற தகவல் மிஞ்சும்.

அதே 1979-ஆம் வருஷத்தின் டிசம்பரில் வெளியான இன்னொரு படத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதற்குச் செய்யப்பட்ட அநீதி இன்னும் தீர்ந்தபாடில்லை. ராபர்ட் வைஸ் இயக்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' படத்தை, அசைவே இல்லாத சலனப்படம் என்று அதன் பெயரையே திருப்பிப் பரிகசித்தார்கள். பரிகாசத்துக்கு முதல் இலக்கானது நாயகர் கர்க் தம் பழைய கப்பலை மறுபடி காணும் காட்சி. ஒரு சிறு கூண்டு வண்டியில் அவரும் பொறியாளர் ஸ்காட்டும் செப்பனிடும் துறையை நெருங்குகிறார்கள். கம்பிச் சட்டங்களின் இடுக்கு வழியே கப்பல் துண்டு துண்டாகத் தென்படுகிறது. பின் முகப்பு, பின் அடிவயிறு, பின் இயந்திரக் குழல்கள். ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசை எழுந்து எழுந்து அடங்க, ஏறத்தாழ ஐந்து நிமிஷம் கதை ஓர் அடி நகர்வதில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதர் தாம் இழந்த ஒன்றைத் திரும்பப் பெறுகிறார். அந்தக் காட்சியின் ஒளியையும் நிழலையும் அமைத்தவர் டக்ளஸ் ட்ரம்புல்.

ட்ரம்புல் என்ற பெயர் நம் சினிமாப் பேச்சில் எவ்வளவு அபூர்வமாக அடிபடுகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. '2001' படத்தில் நட்சத்திர வாயிலின் ஒளிப் பிரவாகத்தை, நெடிய பிளவு ஒன்றின் வழியே காமிராவை நகர்த்தி நகர்த்திப் பதிவு செய்தபோது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். 1977-ல் 'க்ளோஸ் என்கவுண்டர்ஸ்', 1982-ல் 'பிளேட் ரன்னர்' என்று அவர் கை பட்ட படங்களிலெல்லாம், பிரம்மாண்டமான ஒரு வஸ்து மெதுவாக நம்மை நோக்கி வரும். அதைப் பார்க்க நமக்கு அவகாசம் தரப்படும். வினாடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் 70 மில்லிமீட்டர் முறை ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார், 1983-ல் தாம் இயக்கிய 'பிரெயின்ஸ்டார்ம்' படத்தை அதில் எடுக்க விரும்பினார், அது கைகூடவில்லை. 2022-ல் அவர் காலமானபோது வந்த இரங்கற் குறிப்புகள் அவரைத் தந்திரக் காட்சி நிபுணர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. காத்திருத்தலை ஒரு கலையாக்கியவர் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வழியை அடைத்தது 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' என்று சொல்வது சுலபம். ஆனால் அது முழு நியாயமன்று. இரண்டு மணி நேரத்தில் முடிந்த, தன் வேகத்தைத் தானே அறிந்திருந்த அழகிய படம் அது. ஸ்டூடியோக்கள் அதிலிருந்து கற்ற பாடமே விபரீதமானது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் பெருநாவலான 'ட்யூன்' 1984-ல் டேவிட் லிஞ்சின் கையில் 137 நிமிஷமாக நசுக்கப்பட்டது. அமெரிக்கக் கொட்டகைகள் சிலவற்றில், உள்ளே நுழைகிறவர்களுக்குச் சொற்பொருள் அச்சிட்ட தாள் விநியோகிக்க நேர்ந்தது. பாலைவனத்தில் நம்மை நடக்கவிட்டிருந்தால் அந்தச் சொற்களை நாமே கற்றிருப்போம். 1989-ல் ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' படத்திலிருந்து, அதன் முடிவுக்குக் காரணமான பேரலைக் காட்சியே நீளத்தை உத்தேசித்து நீக்கப்பட்டது. பிற்பாடு 28 நிமிஷம் கூடுதலாகச் சேர்ந்த பதிப்பைக் கண்டவர்கள்தாம் அது எத்தகைய படம் என்று உணர்ந்தார்கள்.

சென்ற பதினைந்து வருஷங்களில் நிலைமை தலைகீழாக மாறியிருப்பதாகத் தோன்றும்; நீளத்துக்கு இப்போது குறைவில்லை. ஆனால் 2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தின் 181 நிமிஷங்கள், முந்தைய இருபத்தொரு படங்களின் பாக்கிகளைத் தீர்க்கும் கணக்குப் பிள்ளையின் நிமிஷங்கள், அதில் ஆள் நிறைய, இடம் கொஞ்சம். கேமரூனின் 'அவதார்' இரண்டாம் பாகம், 2022-ல், 192 நிமிஷம். அதன் மத்தியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், காட்டில் வளர்ந்த பிள்ளைகள் கடலில் மூச்சை அடக்கவும், நீரின் ஓட்டத்தோடு நீந்தவும், பெருமீன்களோடு சிநேகம் கொள்ளவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கதை நின்றுவிட்டதாக விமரிசகர்கள் பலர் குறைகூறியது அந்த மணி நேரத்தைத்தான். உலகெங்கும் மக்கள் சென்றதும் அதற்காகத்தான் என்பதே என் திடமான நம்பிக்கை. இறுதிச் சண்டையை வேறு எந்தப் படத்திலும் பார்க்கலாம். அந்தப் பவளத் திட்டில் வேறெங்கே போய் வசிப்பது?

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் அநுகூலமான சாட்சி. நீர் மூடிய கிரகத்தில் ஒரு மணி, பூமியில் ஏழு வருஷம். நாயகன் கூப்பர் அங்கிருந்து கப்பலுக்குத் திரும்புகையில் இருபத்து மூன்று வருஷம் கழிந்திருக்கிறது. சேர்ந்துகிடக்கும் செய்திகளை உட்கார்ந்து பார்க்கிறார். மகன் வாலிபனாகிறான், மணம் முடிக்கிறான், குழந்தை பெறுகிறான், புதைக்கிறான். நோலன் திரையில் வைத்திருப்பது பெரும்பாலும் தகப்பனின் முகம். 169 நிமிஷப் படத்தில் அதற்குமுன் அந்தச் சோளக்கொல்லை வீட்டில், புழுதி படிந்த தட்டுகளோடு, அவசரமில்லாமல் நாம் கழித்த நேரமே இங்கே கண்ணீராக வந்து சேருகிறது. முதல் பாகத்தை இருபது நிமிஷம் குறைத்திருக்கலாம் என்பவர்கள் இந்தக் கண்ணீருக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஐமாக்ஸ் அரங்குகளில் அது மறுபடி வெளியிடப்பட்டபோது, பொறுமையற்ற தலைமுறை என்று நாம் ஏசும் அதே பிள்ளைகள் இடம் கிடைக்காமல் திரும்பினார்கள்.

வில்னெவின் 'பிளேட் ரன்னர் 2049', 2017-ல், 163 நிமிஷம். வசூலில் எதிர்பார்ப்பை எட்டவில்லை. முதல் படத்தை எடுத்த ரிட்லி ஸ்காட்டே அது அதிக நீளம் என்று அபிப்பிராயப்பட்டார். செம்மஞ்சள் புழுதி நிறைந்த பாழ் நகரத்தில் நாயகன் தனியே நடந்து, தேனீப் பெட்டி ஒன்றைக் கண்டு, அதில் கையை விட்டு, ஈக்கள் புறங்கையில் ஊர்வதைப் பார்த்து நிற்கும் இடத்தை நினைக்கும்போது, பெரியவர் பிழை சொன்னார் என்றே எனக்குப் படுகிறது. அந்தத் தோல்வியால் வில்னெவ் திருந்திவிடவில்லை. 'ட்யூன்' நாவலை இரண்டு பாகமாக, 2021-ல் 155 நிமிஷம், 2024-ல் 166 நிமிஷம் என்று எடுத்து, லிஞ்சுக்கு மறுக்கப்பட்ட பாலைவனத்தை அவர் மணல் மணலாகத் திறந்து காட்டினார். இரண்டாம் பாகம் 70 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சொற்பொருள் தாள் எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆகவே நான் கோருவது நீளத்தைக் குறைப்பதையன்று. இடைவேளையைத் திருப்பித் தருவதையே. இன்றைய ஹாலிவுட் டைரக்டர்கள் மூன்று மணிப் படத்தை இடைவேளையின்றி எடுத்து அனுப்புகிறார்கள். நம் கொட்டகைகளோ தமக்குத் தோன்றிய இடத்தில் அதை அறுக்கின்றன. எங்கள் ஊர் அரங்கு ஒன்றில் 'இன்டர்ஸ்டெல்லர்' பார்த்தபோது, மலையென்று நினைத்தது அலை என்று கூப்பர் அறிந்த அடுத்த கணம் விளக்கைப் போட்டுவிட்டார்கள். பக்கத்து இருக்கைப் பையன் வாயில் வைத்த கையை எடுக்காமலே அசட்டுச் சிரிப்பு சிரித்தான். மூன்று மணி நேரம் கேட்கும் கலைஞன், மூச்சுவிடும் இடத்தையும் தானே அமைத்துத் தரக் கடமைப்பட்டவன். கூப்ரிக் அமைத்தார். '2001'-ல் இரண்டு விண்வெளி வீரர்கள், கணிப்பொறியின் காதுக்கு எட்டாதபடி ஒரு சிறு கலத்துக்குள் கதவடைத்துக்கொண்டு, அதன் செயலை நிறுத்துவது பற்றி ஆலோசிக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் அதன் சிவந்த கண். அடுத்து, அந்தக் கண் காண்பதை நாம் காண்கிறோம்: சத்தமே இல்லாமல் ஓர் உதடு, பின் மற்றோர் உதடு, மறுபடி முதல் உதடு. அங்கே இடைவேளை. 2018-ல் நோலனின் முயற்சியால் புதிய 70 மில்லிமீட்டர் பிரதி கான் விழாவில் திரையிடப்பட்டபோது அந்த இடைவேளையும் கூடவே மீண்டது. அது முடிந்து விளக்குகள் அணைந்தபின், படம் ஒன்றும் தோன்றாத திரைக்கு முன்னே, லிகெட்டியின் இசை மட்டும் இருட்டில் சில நிமிஷம் ஒலித்துக்கொண்டிருக்கும்.