இசையாக்க மென்பொருட் கருவிகளின் விளக்கம்: ஓர் உரைநெறி ஆய்வு

நூலுக்கும் கற்பார்க்கும் இடையே நிற்பது உரை. பொருள் விளங்காதவிடத்து விளக்குதலும், ஐயம் நேர்ந்தவிடத்து அதனை அறுத்தலும் அதன் கடன். இந்நாளில் புதியதோர் உரைவகை தோன்றியுள்ளது. அதனைப் படிப்போர் மாந்தர் அல்லர். செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணினி நிரலே அதனைப் படிக்கின்றது. ஏபிள்டன் லைவ், ரீப்பர் முதலிய இசையாக்க மென்பொருள்களை அம்முகவர் இயக்குதற்கென எழுதப்படும் கருவி விளக்கங்களையே ஈண்டுக் குறிக்கின்றோம். அவற்றை உரைநெறி நோக்கி மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுக் 'கருவி' என்றது இசைக்கருவியை அன்று. தடத்தின் ஒலியளவை மாற்றுதல், தாள வேகத்தை அமைத்தல் என்றாற்போல, மென்பொருளைக் கொண்டு ஒரு செயலை முடிக்கும் சிறு நிரற்பகுதியே கருவி எனப்படும். ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறை, பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வரையறை ஆகியவற்றால் கருவியை முகவர்க்கு அறிவிக்கும் முறையை வகுத்தது. இசைவாணர் திரையைக் காண்கின்றார், ஒலியைக் கேட்கின்றார். முகவரோ பெரும்பாலும் எண்களையும் சொற்களையுமே பெறுகின்றது. ஆதலின் விளக்கத்தில் உள்ள சில தொடர்களே அதற்குக் கண்ணும் செவியும் ஆகின்றன.

நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் மூன்றினை இவ்விளக்கங்களில் எளிதிற் காணலாம். முதலாவது குன்றக் கூறல். 'ஒலியளவை அமைக்கும், மதிப்பு ஓர் எண்' என்று மட்டும் ஒரு விளக்கம் கூறுவதாகக் கொள்வோம். ரீப்பரின் நிரல்முறையில் தடத்தின் ஒலியளவு 1 எனின் அது 0 டெசிபெல். ஒலி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. லைவின் நிரல்முறையிலோ 0.85 என்பதே 0 டெசிபெல். 1 என்பது 6 டெசிபெல் உயர்வு. அஃதாவது அலைவீச்சு ஏறத்தாழ இரு மடங்காகும். எண் ஒன்றே, பொருள் இரண்டு. அளவையைக் கூறாது எண்ணை மட்டும் கூறும் விளக்கம் பிழையற்றது போலத் தோன்றிப் பிழையை விளைக்கும்.

இரண்டாவது மயங்க வைத்தல். 1983இல் வெளிவந்த மிடி நெறிமுறை, சுரங்களை 0 முதல் 127 வரை எண்ணிட்டது. அதன்கண் 60 என்பது நடு 'சி'. அதனை லைவ் 'சி 3' எனக் காட்டும். அறிவியற் சுரக்குறியீடு 'சி 4' என்னும். விளக்கம் எவ்வழக்கைக் கொண்டதென்று கூறாவிடின் பாடல் முழுதும் ஒரு ஸ்தாயி ஏறியோ இறங்கியோ ஒலிக்கும். தடங்களின் எண்ணும் இத்தகையதே. திரையில் அவை 1 முதல் எண்ணப்படும்; நிரலில் 0 முதல் எண்ணப்படும். 'இரண்டாம் தடத்தை நீக்குக' என்று இசைவாணர் பணிக்க, முகவர் 2 என்னும் எண்ணை அவ்வாறே அனுப்பின், நீங்குவது மூன்றாம் தடம் என்க.

அங்ஙனமாயின் அனைத்தையும் விரித்தெழுதுதல் தகுமோ எனின், தகாது. முகவர் ஒரே காலத்தில் கருத்திற் கொள்ளும் பரப்பு வரையறையுடையது. கருவிகள் பலவாயின், அவற்றின் நீண்ட விளக்கங்கள் அப்பரப்பை நிரப்பி, வேண்டிய கருவியைத் தெரிதலையே கடினமாக்கும். இது மிகைபடக் கூறல் என்னும் மூன்றாங் குற்றம். அளவை, எல்லை, எண்ணின் தொடக்கம், செயலால் அழிவது, அதனை மீட்கும் வழி ஆகிய ஐந்தும் சுருங்கச் சொல்லப்படின் அமையும் என்பது எம் கருத்து. அழிக்கும் கருவி எது, படிப்பதோடு அமையும் கருவி எது என்று குறிக்கும் வழியை அந்நெறிமுறையின் 2025 மார்ச்சுத் திருத்தம் சேர்த்தது. எனினும், நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தாலன்றி அக்குறிப்புகளை நம்பலாகாது என்று அந்நெறிமுறையே எச்சரிக்கின்றது. ஆகவே விளக்கம் எழுதுவோரின் பொறுப்பு குறைந்ததாகாது.

இவை பொறியியலார் கருத வேண்டியன. தமிழாய்வார்க்கு இவற்றால் ஆவதென்னை எனச் சிலர் வினவலாம். பழைய உரையைக் கற்றார் ஐயுற்றனர், பிறிதோர் உரையோடு ஒப்பிட்டனர், மறுத்தும் எழுதினர். உரையாசிரியரின் பிழை கற்பாரின் ஐயத்தால் திருந்தியது. புதிய உரையைப் படிக்கும் முகவரோ, பெரும்பாலும் ஐயுற்று நில்லாது செயலில் இறங்குகின்றது. பிழையின் பயனை நுகர்பவர் அவ்வுரையை ஒருகாலும் கண்டிராத இசைவாணர். பல நாள் உழைத்துப் பதிந்த தடம் ஒரு சொற்குறையால் அழியுமாயின், அக்குறையை உரைக்குற்றம் என்னாது வேறென்னென்பது?

ஆதலின் இவ்விளக்கங்கள் இசைவாணரும் படித்தறியுமாறு வெளிப்படையாகவும் தெளிவாகவும் அமைதல் வேண்டும். பொறி மட்டுமே படிக்கும் உரைக்குக் குற்றங் காண்பார் இலர். குற்றங் காண்பார் இல்லாத உரை திருந்துதலும் அரிது. உரைநெறி பயின்ற தமிழ் மாணவர் இத்துறையிலும் தம் ஆய்வைச் செலுத்துவாராக.