பட்டியலில் முதல் பெயர்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில், ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது ஆழியாறு. அணையைக் காணச் செல்வோர் பலர். அருகிலுள்ள அறிவுத் திருக்கோயிலில் சில நாள் தங்கித் தம்மையே காணச் செல்வோரும் பலர். கொங்கு நாட்டின் ஊர்கள் பலவற்றில் மனவளக்கலை மன்றங்கள் உள்ளன. நம் பங்குகளைச் சேர்ந்தோரும் அங்கே செல்கின்றனர். சிலர் வெளிப்படையாக, சிலர் யாருக்கும் சொல்லாமல். “கத்தோலிக்கர் அங்கே போகலாமா?” என்று கேட்கிறோம். அதற்கு முன், அங்கே கற்பிக்கப்படுவது என்ன என்று கேட்பதன்றோ முறை? வேதாத்திரி மகரிஷியின் ‘மனவளக்கலை’ நூலை, குறிப்பாக அதில் வரும் அகத்தாய்வுப் பகுதியை, அந்த நோக்கில் வாசித்ததன் விளைவே இக்கட்டுரை.

வேதாத்திரி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், 1984-இல் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார், 2006-இல் மறைந்தார். தறியில் உட்கார்ந்து உழைத்தவரின் கணக்கு அவர் உரைநடையில் தெரிகிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், ‘நான் யார்?’ என்று தேர்தல் என அகத்தாய்வு ஐந்து படிகளாக அமைகிறது. எங்கும் அலங்காரம் இல்லை. இழைகளைப் பிரித்து அடுக்குவது போன்ற நடை.

கவலை பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். கவலைகளை எழுதி நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, பொருட்படுத்தாமல் விட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மலைபோல் திரண்டு நின்ற துயரம் தாளில் இறங்கியதும் நான்கு சிறு குவியல்களாகிவிடுகிறது. சினத்துக்கும் இவ்வாறே ஒரு பட்டியல். யார் யார் மீது சினம் எழுகிறது என்று பெயர்களை எழுதி, ஒருவரைத் தேர்ந்து, அவர்மீது சினம் கொள்வதில்லை என்று உறுதி பூண்டு, நாள்தோறும் அவரை ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்த வேண்டும். நமக்கு நெருங்கியவர்களின் பெயர்களே பட்டியலின் உச்சியில் நிற்கும் என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்கிறார். வஞ்சத்தை மன்னிப்பாக மாற்றுவது அவர் வகுத்த குணச் சீரமைப்பில் ஒன்று. இங்கே ஒரு கிறிஸ்தவ வாசகர் சற்று நிற்காமல் போக முடியாது.

இந்தக் கருவி நமக்குப் புதியதன்று. 1521-இல் பம்ப்லோனாப் போரில் கால் உடைந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், வீரக் கனவுகள் இறுதியில் வறட்சியையும், புனிதர் வரலாறுகள் நீடித்த மகிழ்வையும் தம்முள் விட்டுச் செல்வதைக் கவனித்தார். தம் மனத்தைத் தாமே வாசித்த அந்த நாள்களிலிருந்தே ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ முளைத்தது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, அதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து, நாளுக்கு இருமுறை கோட்டின்மேல் புள்ளியிட்டு, நேற்றையும் இன்றையும் ஒப்பிடச் சொல்கிறது அந்நூல். ஸ்பெயின் நாட்டுப் படைவீரரும் தமிழ்நாட்டு நெசவாளரும் ஒரே குறிப்பேட்டை அல்லவா கையில் கொடுத்திருக்கிறார்கள்!

நாம் அதை என்ன செய்தோம்? துறவியருக்கும் குருக்களுக்கும் உரியதென்று ஒதுக்கிவிட்டோம். பொதுநிலையினருக்கு எஞ்சியது, முதல் நன்மைக்காக மனப்பாடம் செய்த பாவப் பட்டியல். ஐம்பது வயதிலும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பத்து வயதுப் பாவங்களையே ஒப்புவிக்கிறோம். நம்முடைய அலமாரியில் பூட்டிவைத்ததை, நம் மக்கள் அடுத்த தெருவில் கண்டெடுக்கிறார்கள்.

இதை வெளியில் நின்று எழுதவில்லை. எங்களுடையது சோமனூர்ப் பகுதியில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். தந்தை இறந்தபின் பாகப் பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. ஒன்பது ஆண்டுகள். ஒரே ஆலயத்தில் திருப்பலி காண்போம். சமாதானம் பகிரும் வேளையில் ஆளுக்கொரு திசையில் கைகூப்புவோம். மன்றத்தில் பட்டியல் எழுதச் சொன்னபோது என் கை முதலில் எழுதியது அவர் பெயரைத்தான். மூன்று மாதங்கள் விடியற்காலையில் அவரை வாழ்த்தினேன். உறக்கம் திரும்பியது; அவர் வீட்டைக் கடக்கும்போது நெஞ்சு படபடப்பதும் நின்றது. பெருமிதத்தோடு இதை ஒப்புரவின்போது ஒரு குருவானவரிடம் கூறினேன். அவர் கேட்டது ஒன்றே: “அது உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா?”

நூலின் முதல் குறையை அந்தக் கேள்வி எனக்குக் காட்டியது. அகத்தாய்வில் மற்றவர் ஒரு பெயராக நிற்கிறார்; என் சினத்துக்கு இலக்காகவும் என் வாழ்த்துக்கு இலக்காகவும் இருக்கிறார்; அவர் பேசுவதில்லை. ஆண்டவரோ, சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகும்படி பணிக்கிறார். என் மனத்தாங்கலை அன்று, அவருடைய மனத்தாங்கலை நினைக்கச் சொல்கிறார். அறுந்த இழையின் ஒரு முனையை மட்டும் எவ்வளவு நேர்த்தியாக முறுக்கினாலும் முடிச்சு விழாது என்பது தறிக்காரனுக்குத் தெரியாதா?

இரண்டாவது குறை இன்னும் கனமானது. எல்லாச் சினமும் தவிர்க்க வேண்டியதுதானா? கைசூம்பியவரைக் குணமாக்கவிடாமல் தடுத்தோரை இயேசு சினத்துடன் நோக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். குடித்துவிட்டு அடிக்கும் கணவனின் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதும் பெண், அவனை வாழ்த்தித் தன் சினத்தை மட்டும் ஒழித்தால் போதுமா? வேதாத்திரி ஆகஸ்டு 30-ஐ மனைவி நல வேட்பு நாளாக வகுத்து, கணவன்மார் மனைவியரைப் போற்றும்படி செய்தவர் என்பதை நியாயத்தோடு சொல்ல வேண்டும். ஆயினும் பட்டியல் முறையில், நோய்க்குறியும் நீதியின் குரலும் ஒரே நிரலில் விழுந்துவிடுகின்றன. “பொறுத்துக்கொள் அம்மா, செபம் செய்” என்று அனுப்பிவைத்த நமக்கு, இக்குறையைச் சுட்டும்போது குரல் உயர்த்தும் தகுதி இல்லை. அப்பெண்ணுக்கு வேண்டியது செபமும் துணையும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும்.

மூன்றாவதாக, முயற்சியால் ஆறாத காயங்களும் உண்டு. தூக்கமும் பசியும் அற்று வாரக்கணக்கில் இருண்டு கிடப்பவரிடம் குறிப்பேட்டைக் கொடுப்பது, எலும்பு முறிந்தவரை நடைப்பயிற்சிக்கு அனுப்புவது போன்றது. அருள்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்துமாறு 1965-லேயே சங்கம் கேட்டுக்கொண்டது. மனநல மருத்துவரிடம் செல்வது விசுவாசக் குறைவாகாது. மறுபுறம், உளவியலையும் கீழைத் தியானத்தையும் ஆன்மீகப் பயிற்சிகளோடு இணைத்த இயேசு சபை அருள்தந்தை அந்தோனி தெ மெல்லோவின் நூல்கள் பற்றி 1998-இல் திருச்சபை எச்சரித்ததும் நினைவிருக்கட்டும். எந்த முறையும் சோதித்தறியத் தக்கதே.

முடிவான வேறுபாடு தொடக்கத்தில்தான் இருக்கிறது. ‘நான் யார்?’ என்ற கேள்வியில் அகத்தாய்வு நிறைவுறுகிறது. இஞ்ஞாசியாரின் பொதுவான ஆய்வோ நன்றியில் தொடங்குகிறது. பெற்ற நன்மைகளுக்கு இறைவனைப் போற்றி, தன்னைக் காணும் அருளை வேண்டி, அதன் பின்னரே கணக்கைத் திறக்கிறது. அன்பு செய்யப்பட்டவன் என்று முதலில் அறிந்தவனே, அஞ்சாமல் தன்னைப் பார்க்கிறான்.

அடுத்த ஞாயிறன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். “வா, உக்காரு” என்றார். அதற்கு மேல் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. தறிக் கணக்கு இன்னும் தீரவில்லை. குறிப்பேடு இல்லாதிருந்தால் அந்தப் படியேறும் அமைதி எனக்கு வந்திராது. குருவானவரின் கேள்வி இல்லாதிருந்தால் குறிப்பேட்டோடு நின்றிருப்பேன். ஆழியாற்றுக்குச் சென்று வரும் நம்மவரிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பட்டியலை எழுதுங்கள்; பிறகு முதல் பெயருக்குரியவரின் வாசலுக்குப் போகும் வழியையும் தேடுங்கள்.