பேச்சும் பாறையும்

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். கச்சேரிக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். கல்யாண மண்டபத்துக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. ‘சாப்பாடு எப்படி?’ என்று விசாரிப்பவர்கள், ‘பேசினது காதில் விழுந்ததா?’ என்று விசாரிப்பதில்லை. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் ராஜா காலத்தில், 1906-ல் கட்டி முடித்த அணை. சுற்றிலும் ரப்பர் தோட்டம், மலை, மழை. காதுக்கு இதமான ஊர். பேச்சி என்பது அம்மன் பெயர்தான். ஆனால் அந்தப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்கு உட்கார்ந்திருந்தபோது, பேச்சு பாறையில் மோதித் திரும்புவதால் வந்த பெயரோ என்று தோன்றிவிட்டது. மண்டபத்தின் பெயர் வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தது.

பளபளக்கும் டைல்ஸ் தரை, நான்கு பக்கமும் வழவழப்பான சுவர், கண்ணாடிக் கதவுகள். மேலே சின்னச் சின்னத் துளைகள் போட்ட ஃபால்ஸ் சீலிங். “சத்தத்தை அது குடிச்சிரும் சார். கணக்குப் போட்டுத்தான் மாட்டியிருக்கோம்” என்றார்கள். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஏதோ சொல்ல, அவர் மருமகன் காதில் கையை வைத்துக்கொண்டு, “என்ன சொன்னிய மாமா? கேக்கல்ல” என்றார். மூன்று தடவை. நான்காவது தடவை மாமா சொல்வதையே விட்டுவிட்டார்.

கணக்குப் போட்டது நிஜம்தான். தப்பு எங்கே? பார்க்கலாம்.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் இளம் பௌதிக ஆசிரியர். 1895-ல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு லெக்சர் ஹாலில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை செகண்டு ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்து, பதினைந்து வார்த்தைகள் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். சபைன் ராத்திரி வேளைகளில் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஹாலில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, எத்தனை மெத்தைக்கு எத்தனை செகண்டு குறைகிறது என்று அளந்தார். கிடைத்த சூத்திரம் ரொம்ப எளிது. அறையின் கன அளவை அங்கே சத்தத்தைக் குடிக்கும் பரப்பால் வகுத்து, 0.16-ஆல் பெருக்கினால் ஒலி அடங்கும் நேரம். பாஸ்டனில் 1900-ல் திறந்த சிம்பனி ஹால் இதை வைத்துத்தான் உருவானது. இன்றுவரை உலகின் சிறந்த அரங்குகளில் ஒன்று.

நம் மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 6 என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 2,700. கூரை 450 சதுர மீட்டர். அதில் விழும் சத்தத்தில் எழுபது சதவிகிதத்தை அது குடித்துவிடும் என்றால், சுவர், தரை எல்லாம் சேர்த்துச் சுமார் 340. விடை 1.3 செகண்டு. பேச்சுக்கு ஒரு செகண்டு வாக்கில் இருந்தால் நல்லது. பாஸ் மார்க்!

ஆனால் சூத்திரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சத்தம் எல்லாத் திசையிலும் சமமாகக் கலந்து அலைய வேண்டும். மெத்தை ஹால் பூராவும் பரவிக் கிடந்தால் சரி. இங்கேயோ குடிப்பது கூரை மட்டும். மேலே போகிற சத்தம் அங்கேயே காலி. படுக்கைவாட்டில் போகிறது கூரைப் பக்கமே எட்டிப் பார்க்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பந்து மாதிரி போய்ப் போய் வரும். விளைவு, காகிதத்தில் 1.3, காதில் இரண்டு, மூன்று செகண்டு. மைக்காரர் வால்யூமை ஏற்றினால் பேச்சும் ஏறும், எதிரொலியும் சேர்ந்து ஏறும். லாபம் பூஜ்யம்.

இதுவாவது துளை போட்ட கூரை. பல மண்டபங்களில் ஃபால்ஸ் சீலிங் என்பது வெறும் ஜிப்சம் பலகை. ஏ.சி. குழாயையும் ஒயரையும் மறைக்க மாட்டியது. பேச்சுச் சத்தத்தை அது பெரிதாகச் சட்டை செய்யாது. துளை உள்ளதையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பெயின்ட் அடித்து அடைத்துவிடுகிறோம்.

இதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வேறு ஒரு மண்டபம் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதிக்கு முன்னால் கச்சேரி. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் மண்பானைகள் தலைகீழாகத் தொங்கும். வாய் குறுகிய வெற்றுப் பானை, தனக்கென்று உள்ள ஒரு சுருதியை மட்டும்தான் நன்றாகக் குடிக்கும். அதன் இன்னொரு வேலை முக்கியம்: உருண்டை உடம்பால் சத்தத்தைச் சிதறடிப்பது. நேர்க்கோட்டில் போகவிடாமல் நாலா பக்கமும் கலைத்துவிடுவது. சபைன் கேட்ட நிபந்தனை இதுதானே!

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1871-ல் திறப்பு விழாவன்றே எதிரொலி கேட்டது. 1969-ல் கூரையின் கீழ் காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் நிலைமை தேறியது. நம் ஊரில் பானை, அங்கே காளான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது கல்யாணத்தோடு போகிற விஷயமில்லை. பள்ளிக்கூட ஹால், ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடும் வராந்தா, கிராம சபை கூடும் கட்டடம் எல்லாம் இதே டைல்ஸ், இதே சுவர்தான். காதுக்கருவி மாட்டிய பெரியவருக்கு அந்தக் கருவி எதிரொலியையும் சேர்த்தே பெரிதாக்கித் தருகிறது. கடைசி பெஞ்சுப் பையன் மக்கு என்று பேர் வாங்குகிறான். குற்றவாளி சுவர்.

பரிகாரம் பெரிய செலவில்லை. கூரைக்கு வைத்த பணத்தில் கொஞ்சத்தைச் சுவருக்கு ஒதுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் காது உயரத்தில் கண்ணாடிக் கம்பளித் தட்டி, மேலே துணி. இல்லையென்றால் கனத்த திரை, புத்தக அலமாரி, மேடுபள்ளமான மரவேலை. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றாவது வழவழப்பாக இருக்கக்கூடாது.

அடுத்த முறை மண்டபம் புக் பண்ணப் போகும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், காலி ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ‘டப்’ என்று அடங்கினால் பணத்தை எடுக்கலாம். ‘ட்ர்ர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடினால், மேனேஜரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காரணம் கேட்டால் அங்கேயே சொல்ல வேண்டாம். அவருக்குக் கேட்காது.